காதால் கடந்த மாளிகை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நான் சுகம். முதுகு மட்டும் ஆபீஸ் நாற்காலியோட ஒத்துப்போக மாட்டேங்குது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கீங்க? போன்ல கேட்டா "இருக்கோம், நீ எப்படி"ன்னு முடிச்சிடுற. அதான் பழையபடி கடிதம். எழுதச் சொன்னாத்தான் நீ நாலு வார்த்தை கூடப் பேசுவ.

எங்க கம்பெனியில புதுசா ஒரு ஒளிஞ்சு போற கேம் செய்யப்போறோம். சுட்டுத் தள்ளுற சமாச்சாரம் இல்ல. யார் கண்ணுலயும் படாம உள்ள போகணும், எடுக்க வேண்டியதை எடுத்துக்கிட்டு யார் கண்ணுலயும் படாம வெளிய வரணும். அதுல வர்ற காவலாளிங்க அத்தனை பேரும் என் பொறுப்பு. எங்க நடக்கணும், எதைப் பார்த்துச் சந்தேகப்படணும், எப்ப சோம்பல் முறிக்கணும், எல்லாம் நான்தான் எழுதப்போறேன். இத்தனை வருஷமா மத்தவங்க கேமுக்குக் கதவு திறக்கறதும் லிஃப்ட் ஏறுறதுமா எழுதிக்கிட்டிருந்தவளுக்கு இது சின்ன விஷயம் இல்ல. இந்தப் பெருமையை உன்கிட்ட அடிக்காம வேற யார்கிட்ட அடிச்சுக்க?

டீம்ல இப்பவே சண்டை. ஆளுக்கொரு பழைய கேமைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறாங்க. நாம ஒரே கீபோர்டை ஆளுக்குப் பாதியா பிரிச்சு விளையாடின மூணும் அந்தச் சண்டையில இருக்கு. மாளிகை, பனி முகாம், தூதரகம். டப்பா மேல போட்டிருந்த பேரெல்லாம் மறந்தே போச்சு, நாம வெச்ச பேர்தான் வாயில வருது. பழைய கம்ப்யூட்டர் உன்கிட்டதானே இருக்கு? மூணையும் திரும்ப விளையாடிப் பார்த்து எது எதுல உசத்தின்னு எழுது. உன் தீர்ப்பை வெச்சு இங்க நாலு பேர் வாயை அடைக்கணும்.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. நாங்க ரெண்டு பேரும் நலம். உன் வேலையைப் பத்திப் படிச்சதும் துறைமுகத்துல பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டேன். மீதிப் பேருக்கு உன் தம்பி பொண்டாட்டி சொல்லுவா. டைப் அடிச்சு அனுப்பறேன்னு கோவிச்சுக்காத. என் கையெழுத்தைப் படிக்க உனக்கு எப்பவுமே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாங்க.

இப்ப நான் கிரேன் மேல ஏறுறதில்ல. கீழ ரேடியோ அறையில உட்கார்ந்து, மேல இருக்கறவங்களுக்கு எந்தப் பெட்டியை எங்க இறக்கணும்னு சொல்றேன். ஒரு மாறுதலுக்குத்தான்.

முதல்ல மாளிகை. அதோட உசத்தி தரையிலதான் இருக்கு அக்கா. கம்பளத்துல நடந்தா சத்தமே இல்ல. மரத்தரை முனகும். பளிங்குல டக் டக்குன்னு ஒவ்வொரு அடியும் கேட்கும். பின்பக்க இரும்புப் படியில கால் வெச்சா வீடே எழுந்து உட்காரும். காவலாளிங்களும் சும்மா நடக்க மாட்டாங்க. ஒருத்தன் மூக்கை உறிஞ்சுவான், ஒருத்தன் இடுப்புல சாவிக்கொத்து ஆடும், இன்னொருத்தன் முதலாளியைத் திட்டிக்கிட்டே வருவான். சுவத்துக்கு அந்தப்பக்கம் யார் எவ்வளவு தூரத்துல வர்றான்னு தெரிஞ்சுக்க அவனைப் பார்க்கவே வேண்டாம். செஞ்சவங்க ஒவ்வொரு காவலாளிக்கும் ஒரு வாழ்க்கையே குடுத்திருக்காங்க. நீயும் உன் ஆளுங்களுக்கு அப்படிக் குடு.

பனி முகாம், தூதரகம் பத்தி அடுத்ததுல எழுதறேன். முதுகுக்கு நல்ல தலையணை ஒண்ணு வாங்கு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கையில கிடைச்சதும் மதியச் சாப்பாட்டை மறந்துட்டேன். இங்க எல்லாரும் நலம், தலையணையும் வாங்கியாச்சு. நீ எழுதினதை டீம்ல வாசிச்சுக் காட்டினேன். சத்தத்துக்குப் பொறுப்பான பொண்ணு எழுந்து நின்னு கை தட்டினா. எனக்குத்தான் கழுத்து ரெண்டு அங்குலம் நீண்டுடுச்சு.

ஆனா எங்க டைரக்டர் பனி முகாமை விட மாட்டேங்கிறார். மேல இருந்து பார்க்குற கேம், மூலையில குட்டி மேப், ஒவ்வொரு காவலாளி முன்னாடியும் டார்ச் அடிச்ச மாதிரி ஒரு பார்வைக் கூம்பு. அந்தக் கூம்புக்குள்ள கால் வெச்சா மாட்டினோம், வெளிய இருந்தா தப்பிச்சோம். "இதைவிடத் தெளிவா யாரும் செஞ்சதில்ல"ங்கிறார். எனக்கென்னவோ காவலாளி எங்க பார்க்கறான்னு மேப்பே சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் பயப்பட என்ன இருக்குன்னு தோணுது. நீ என்ன சொல்ற?

அந்தக் கூம்பு எவ்வளவு நீளம், எங்க நிறம் மாறும், காவலாளி தலையைத் திருப்பினா அதுவும் கூடவே திரும்புமா இல்ல கொஞ்சம் பின்தங்கி வருமா, இதெல்லாம் எழுது. முடிஞ்சா ஒரு படம் வரைஞ்சு அனுப்பு. மாளிகையில நாம வெளிச்சத்துல நிக்கறோமா நிழல்ல நிக்கறோமான்னு காட்டத் திரை அடியில ஒரு விளக்கு இருக்குமே, அதையும் வரை.

எதுக்குக் கிரேனை விட்டு இறங்கின? அந்த உயரத்துல இருந்து உன்னைக் கீழ இறக்கறதுக்குள்ள ஒரு யுகமே ஆகும்னு நினைச்சேன்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாயிடுச்சு. இங்க எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு. முட்டியில சின்ன அடி. யாரோ ஸ்டூலை நடுக்கூடத்துல போட்டுட்டாங்க.

பனி முகாம் டிஸ்க்ல கீறல், ஓடல. அதனால தூதரகம் பத்தி எழுதறேன். அதுல ஒளியவே வேண்டாம். சமையல்காரன் உடுப்பைப் போட்டா சமையல்காரன், டிரைவர் உடுப்பைப் போட்டா டிரைவர். எல்லார் நடுவுலயும் நிமிர்ந்து நடந்து போகலாம். ஆனா தப்பான ஆள்கிட்ட நின்னுட்டா குரல் மாறும். "நீ புதுசா?"ன்னு கேட்பான். அந்தக் கேள்விக்கும் விசிலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அதுக்குள்ள நகர்ந்துடணும். மாளிகையில பயம் இருட்டுல இருக்கு, தூதரகத்துல பயம் மரியாதைக்குள்ள இருக்கு. எனக்கு இப்ப இதுதான் ரொம்பப் பிடிக்குது. ஒருத்தன் தான் யாருன்னு காட்டிக்காமலே நாள் முழுக்க எல்லார் கூடவும் பழகிட முடியும்னு இதை விளையாடினாத்தான் தெரியும்.

படம் வரைய நேரம் இல்ல. மன்னிச்சுக்கோ.

தம்பி


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்க தம்பி மனைவி எழுதறேன். நலமா இருக்கீங்களா? என்ன இது, இவ தனியா எழுதறாளேன்னு பயப்படாதீங்க. இங்க யாருக்கும் ஆபத்து இல்ல. நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

பனி முகாம் டிஸ்க்ல எந்தக் கீறலும் இல்ல அண்ணி. அவர்கிட்ட இனிமே படம் கேட்காதீங்க. நிறம், வெளிச்சம், மேப், இதெல்லாமும் வேண்டாம். ஏன்னு அவரே உங்களுக்குச் சொல்லணும். ரெண்டு தடவை எழுத உட்கார்ந்துட்டு எழுந்து போயிட்டார். அவர் வாயால வர வேண்டியதை நான் முந்திச் சொன்னா அது அவருக்குச் செய்யற துரோகம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் பல் ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது அவர் அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னாடி சிரிச்ச முகமா உட்கார்ந்திருக்கார். இந்த ரெண்டு வருஷத்துல நான் பார்க்காத சிரிப்பு. அதை ஆரம்பிச்சு வெச்சது உங்க கடிதம். நிறுத்திடாதீங்க.

உங்க உடம்பையும் கவனிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி மனைவி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்கணும்.

படம் வேண்டாம். மேப்பும் வேண்டாம். நீ எப்படி விளையாடுறியோ அதை அப்படியே எழுது. எவ்வளவு நாளானாலும் சரி.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ரொம்பச் சின்னது. அதுலயே யாரோ உன் காதுல ஏதோ போட்டிருக்காங்கன்னு புரிஞ்சுது. நான் அவளைக் கேட்கல, அவளும் சொல்லல. உட்கார்ந்து படி. அழுதுக்கிட்டே படிக்காத.

பனி முகாம்ல காவலாளி முன்னாடி ஒரு கூம்பு இருக்குமே, என் பார்வை இப்ப அதுதான். விழித்திரையில கோளாறு. ஓரத்துல இருந்து உள்ள பார்த்து மூடிக்கிட்டே வருது. நடுவுல ஒரு காசு அளவுக்குத் தெளிவாத் தெரியுது. உன் கடிதத்தை அந்தக் காசு வழியா ஒவ்வொரு வார்த்தையாப் படிக்கறேன். அதைச் சுத்தி ஒண்ணும் இல்ல. மருந்து இல்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. மூணு பேர்கிட்ட கேட்டாச்சு, அதனால நாலாவது ஆளைத் தேடாத. கிரேனை விட்டு என்னை யாரும் இறக்கல. யாரும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே மேலதிகாரி அறைக்குப் போய், "இனிமே நான் மேல ஏறக்கூடாது, கீழ ஆளுங்க நடமாடுறாங்க"ன்னு சொன்னேன். அவர் எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார்.

இப்ப நல்ல சேதி. காசு அளவுக் கண்ணை வெச்சுக்கிட்டு மாளிகையை விளையாடினா திரையில எதையாவது தேடுறதுலயே மாட்டிக்கறேன். ஒரு நாள் எரிச்சல்ல திரையை அணைச்சுட்டேன். கேம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஹெட்போன்ல மூக்கை உறிஞ்சறவன் இடப்பக்கம், பளிங்குல. சாவிக்கொத்து ஆள் மாடியில. அப்படியே உட்கார்ந்துட்டேன். எல்லாம் தெரியுது அக்கா.

மொதல் சில நாள் வாசல்லயே மாட்டினேன். அப்புறம் சுவத்தை உரசிக்கிட்டே போகக் கத்துக்கிட்டேன். கஷ்டமான இடம் பெட்டக அறை. சாவிக்கொத்து ஆள் பளிங்குல வரும்போது பிரச்சனை இல்ல. கம்பளத்துல கால் வெச்சதும் அவன் காணாமப் போயிடுவான். சாவி மட்டும் மெதுவா கிணுகிணுன்னு ஆடும். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு அவன் முதுகுக்குப் பின்னாடியே போய்ப் பெட்டியை எடுத்தேன். கதவு மூடுற சத்தத்துக்கு மூக்கு உறிஞ்சறவன் நின்னுட்டான். "யாரது?" நான் மூச்சு விடல, கேம்லயும் சரி, நாற்காலியிலயும் சரி. "எலிதான்"னு அவனே சொல்லிக்கிட்டுப் போயிட்டான். இரும்புப் படி மட்டும் பாக்கி. பெரிய கடிகாரம் அடிக்கற வரைக்கும் காத்திருந்தேன். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஒரு படி இறங்கினேன்.

வெளிய வந்ததும் அந்தக் கேம்ல வர்ற கிழவி சொன்னா, "உன்னை ஒருத்தரும் பார்க்கவே இல்ல." நான் எழுந்து நின்னு கத்தினதுல பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிட்டார்.

நான் கண்ணை இழந்துட்டு இருக்கறதைச் சொல்ல இதை எழுதல. மாளிகையைத் திரை இல்லாம முடிச்சேன்னு சொல்ல எழுதறேன். அப்படியே எடுத்துக்கோ.

தம்பி


மே 18

என் செல்லத் தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரி எடுத்துக்க முடியல. நாலு தடவை படிச்சேன். ரெண்டு வருஷமாடா? இந்த ரெண்டு வருஷமும் போன்ல "இருக்கோம்"னு சொன்னியே, அதுக்கு அர்த்தம் இதுதானா?

கேளு. இங்க என் வீட்டுல ஒரு அறை சும்மா கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. துறைமுகம், ரேடியோ எல்லாம் போதும். இன்னொண்ணு, எங்க கேம்ல உனக்காகத் தனியா ஒரு ஆட்ட முறை வைக்கறேன். அதுல காவலாளிங்களுக்குக் காது மந்தமா இருக்கும், மெதுவா நடப்பாங்க, நீ பக்கத்துல போனாலும் கண்டுக்க மாட்டாங்க. நீ நிம்மதியா விளையாடலாம். டைரக்டர்கிட்ட பேசிட்டேன்.

உடனே பதில் போடு. தனியா எங்கயும் வெளிய போகாத.

உன் அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்னு நம்பறேன்.

பதில் எழுதாம இருந்தது கோவத்துல. இப்பவும் பாதிக் கோவம் இருக்கு. நான் ஜெயிச்சதைச் சொன்னேன், நீ எனக்கு அறை ஒழிச்சு வைக்கற. இங்க எனக்கு வேலை இருக்கு. என் குரலைக் கேட்டுத்தான் இருபது டன் பெட்டி கீழ வருது. வெள்ளைத் தடியை வெச்சுக்கிட்டுத் தெருவுல நடக்கக் கத்துக்கறேன். சொல்லிக் குடுக்கற அம்மா ரொம்பக் கண்டிப்பு, எனக்குப் பிடிச்சிருக்கு.

உன் காவலாளிங்க காதை எனக்காக அடைக்காத. அவங்க உன் கையால செஞ்ச ஆளுங்க. அவங்களை முட்டாளாக்கி என்னை ஜெயிக்க வெச்சா ரெண்டு பேருக்குமே கேவலம். அவங்க எவ்வளவு கெட்டிக்காரங்களோ அவ்வளவும் இருக்கட்டும். ஆனா அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குக் கேட்கட்டும். அவ்வளவுதான் வேணும்.

செஞ்ச வரைக்கும் அனுப்பு. விளையாடிட்டுச் சொல்றேன்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நலம். நீ அனுப்பின பார்சல்ல கடிதமே இல்ல, டிஸ்க் மேல "எல்லாருக்கும் காது நல்லாக் கேட்கும்"னு மட்டும் எழுதியிருந்துச்சு. அதைப் படிச்சதும் மீதிப் பாதிக் கோவமும் போயிடுச்சு.

இப்ப ஒப்பீடு. உன் ஆளுங்க மாளிகைக்காரங்களைவிட ஒரு படி மேல. இது தம்பியாச் சொல்லல. மாளிகையில காவலாளி தன் வழியைத் தவிர வேற எங்கயும் போக மாட்டான், ரெண்டு நாள்ல மனப்பாடம் ஆயிடும். உன் ஆளு சலிச்சுப் போனா ஜன்னல் பக்கம் போறான், கூட்டாளியைக் கூப்பிட்டுப் பார்க்கறான், பதில் வரலன்னா குரல்ல பயம் வருது. நான் ஒருத்தனை அலமாரிக்குள்ள பூட்டினதும் இன்னொருத்தன் அவனைத் தேடிக் கூப்பிட்டான் பாரு, எனக்கே பாவமாப் போச்சு.

குறையும் உண்டு. மாடிப்படியில வர்றவன் ஏறுறானா இறங்குறானான்னு தெரியல, ரெண்டுக்கும் ஒரே சத்தம். கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் குரல் ஒரே மாதிரி வருது. மூணாவது மாடி நூலகத்துல ஒரு காவலாளிக்குச் சத்தமே இல்ல. நேரா அவன் மார்புல போய் மோதினேன். அதைச் சரி பண்ணு.

தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம், முதுகு உட்பட. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாச் சொல்லு.

படியும் கதவும் நீ சொன்னபடியே சரியாயிடுச்சு. சத்தத்துப் பொண்ணு தன் ஷூவையும் தன் மாமனார் ஷூவையும் எடுத்துக்கிட்டுப் போய் ஆபீஸ் படியில நாள் முழுக்க ஏறி இறங்கிப் பதிவு பண்ணினா. ஆனா நூலகத்து ஆளை நான் மாத்த மாட்டேன். அவன் பழுது இல்ல. அவன் அசையாம நிக்கற ஆளு, கூர்ந்து கேட்டா பக்கம் புரட்டுறது கேட்கும். வேலை நேரத்துல புத்தகம் படிக்கறான். நீ அவசரப்பட்ட, அவன் உன்னைப் பிடிச்சான். அது என் வெற்றி, விட்டுத் தர மாட்டேன்.

போன வாரம் டைரக்டர் எல்லார் திரையையும் அணைக்கச் சொன்னார். ஹெட்போனோட எல்லாரும் விளையாடினோம். அவர்தான் முதல்ல மாட்டினார், அதுவும் வாசல் கதவுலயே. ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல வெச்சார். அப்புறம், "குட்டி மேப் வேண்டாம். யாருக்கும் வேண்டாம்"னார். இந்த ஆட்டத்துல இனிமே எல்லாரும் காதைத்தான் நம்பணும் தம்பி. உனக்குன்னு தனி முறை எதுவும் இல்ல.

அவர் உன்னை நேர்ல பார்க்கணுங்கிறார். டீம் முன்னாடி உட்கார்ந்து நீ ஒரு முறை விளையாடிக் காட்டணுமாம். எப்ப வர்றன்னு சொல்லு. நான் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியா வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் குடுத்ததை எல்லாம் ரயில்லயே சாப்பிட்டு முடிச்சாச்சு. உன் தம்பி பொண்டாட்டி கதையை மூணு தடவை சொல்ல வெச்சுட்டா. நூலகத்து ஆளைத் தாண்டினதும் உங்க ஆபீஸே கை தட்டிச்சே, அதை நாலு தடவை. டைரக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினதைவிட, "இவர் என் தம்பி"ன்னு நீ ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்ன குரல்தான் இன்னும் காதுல இருக்கு.

ஒரு விஷயம் அங்க வெச்சுச் சொல்லல. ஸ்டேஷனுக்கு வராத, நானே வர்றேன்னு போன்ல சொன்னேன். சரி, ஆபீஸ் வாசல்லயே நிக்கறேன்னு நீயும் சொன்ன. நான் வந்ததும், "இவ்வளவு சீக்கிரம் வந்துட்டியே"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்ட.

அக்கா, நீ ஸ்டேஷன்ல இருந்தே என் பின்னாடி வந்த.

முதல்ல சுரங்கப்பாதையில கேட்டேன். சின்ன வயசுல இருந்தே எனக்குப் பழக்கமான, வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கற நடை. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. ரோடு தோண்டுற மெஷின் பக்கத்துல தொலைஞ்சு, அப்புறம் பேக்கரி தாண்டினதும் திரும்ப வந்துச்சு. உன் பையில எதுவோ கண்ணாடி டப்பா மேல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீதான்னு அப்ப முடிவாயிடுச்சு.

பெரிய சாலையைக் கடக்கற இடத்துல நான் கோணலா நின்னுட்டேன். அப்படியே நடந்திருந்தா நடுரோட்டுக்குத்தான் போயிருப்பேன். பின்னாடி உன் கால் ஒரு அடி முன்னால வந்துச்சு. நீ கூப்பிடப் போறன்னு நினைச்சேன். நீ கூப்பிடல. அந்தக் கால் அப்படியே நின்னுச்சு. நான் வண்டிங்க போற திசையைக் கேட்டேன், தடியால விளிம்பைத் தேடினேன், நேராத் திரும்பினேன், கடந்தேன். அந்தப்பக்கம் ஏறினப்புறம்தான் உன் பெருமூச்சு கேட்டுச்சு. அதுக்கப்புறம் நீ வேற சந்து வழியா ஓடினதும் கேட்டுச்சு.

நம்மளைப் பெத்தவங்களே அந்த இடத்துல இருந்திருந்தாலும் கத்தியிருப்பாங்க. நீ நின்ன. உனக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். உன்னைப் பிடிச்சுட்டேன்னு அப்பவே திரும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனா அவ்வளவு அழகா ஒளிஞ்சு வர்ற ஒருத்தியைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல.

உடம்பைப் பார்த்துக்கோ. தை பிறந்ததும் நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அப்பவும் ஸ்டேஷனுக்கு வா. இந்தத் தடவை பக்கத்துலயே நடக்கலாம்.

தம்பி